பவளத்துக்கு உணவூட்டல்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டிகளில் வளரும் பவளங்களுக்கு நுண்ணுயிர்களையும் இறைச்சித் துணுக்குகளையும் அளவோடு கொடுப்பது பவள உணவூட்டல். பவளம் செடியுமல்ல, கல்லுமல்ல. கடல் அனிமோனிக்கும் சொறிமீனுக்கும் உறவான விலங்கு. நடுவில் ஒரு வாய், அதைச் சுற்றி உணர்கொம்புகள், அவற்றில் இரையைத் தைத்துச் செயலிழக்க வைக்கும் கொட்டும் செல்கள். பாலிப் எனப்படும் ஒவ்வோர் உயிரியின் உடலும் வேட்டைக்காகவே அமைந்தது. ஆனால் அதே உடலின் திசுக்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தில் சமைத்துப் போடுகின்றன. அதனால் தீனி காட்டாமலே பல பவளங்கள் மாதக்கணக்கில் வாழும். தொட்டி வைத்திருப்பவர்களிடையே தீனி வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு தீராமல் நடப்பதற்கு இந்த இரட்டை வாழ்க்கையே காரணம்.

இரண்டு கட்சிகள்

வழக்கு முதலில் ஆய்வாளர்களிடையே எழுந்தது. 1928–29இல் ஆஸ்திரேலியாவின் லோ தீவுகளில் முகாமிட்ட கிரேட் பாரியர் ரீஃப் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய சி. எம். யங், பவளங்கள் முற்றிலும் ஊனுண்ணிகள் என்ற முடிவுக்கு வந்தார். உள்ளிருக்கும் பாசி கழிவை அகற்ற உதவுமே தவிர உணவு தராது என்பது அவர் கட்சி. 1958இல் லெனார்ட் மஸ்கட்டீனும் கேடட் ஹேண்டும் கதிரியக்கக் கார்பனைத் தடம் காட்டப் பயன்படுத்தி, பாசி தயாரித்த பொருள் கடல் அனிமோனியின் திசுவுக்குள் போய்ச் சேர்வதைக் காட்டினர். அதன் பிறகு தராசு மறுபக்கம் சாய்ந்தது. ஆழமில்லாத தெளிந்த கடலில், ஒரு பவளத்தின் அன்றாட ஆற்றல் தேவையில் 90 விழுக்காட்டுக்கு மேல் பாசியே ஈடுகட்ட முடியும் என்ற கணக்குகள் வந்தன.

தொட்டி வளர்ப்பும் இதே பாதையில்தான் போனது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக்குமிழிகளையும் மட்டும் நம்பி நடத்திய தொட்டியைப் பற்றி 1961இல் எழுதினார். பின்னர் ஜெர்மனியில் உயிர்ப்பாறை, வலுவான விளக்கு, கரிமக் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் ஆகிய மூன்றும் சேர்ந்த பெர்லின் முறை உருவானது. நீர் பளிங்கானது, பவளங்களும் பிழைத்தன. ஆனால் ஸ்கிம்மருக்குக் கழிவு எது, தீனி எது என்ற பேதம் தெரியாது. மிதப்பதையெல்லாம் அது வாரிக் கொட்டிவிடும். அளவுக்கு மீறிச் சுத்தமான தொட்டிகளில் பவளங்கள் வெளுத்து நிற்பதற்கு இந்தப் பட்டினியும் ஒரு காரணம்.

ஒளி தருவதும் தராததும்

பாசி தருவது பெரும்பாலும் சர்க்கரையும் கொழுப்பும். இலை நிறையச் சோறு உண்டு, பருப்பு இல்லை என்பதுதான் நிலைமை. உடல் வளர்க்கத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதில் குறைவு. அவற்றை இரையிலிருந்தோ நீரில் கரைந்திருக்கும் உப்புகளிலிருந்தோதான் பெற வேண்டும். மொனாக்கோவின் அறிவியல் மையத்தில் ஸ்டைலோஃபோரா பிஸ்டில்லேட்டா என்ற கிளைப் பவளத்தை வைத்து நடந்த சோதனைகளில், விலங்கு மிதவையுயிர்களை உண்டவற்றின் திசுவும் எலும்புக்கூடும் பட்டினி கிடந்தவற்றைவிட விரைவாக வளர்ந்தன.

இன்னொரு சான்று ஹவாயிலிருந்து வந்தது. வெப்பத்தால் பாசியை இழந்து வெளுத்த மோன்டிபோரா கேப்பிட்டேட்டா என்ற பவளம் இரை பிடிப்பதைப் பல மடங்கு கூட்டி, அன்றாட ஆற்றல் தேவை முழுவதையும் அதிலிருந்தே ஈட்டியது என்று ஆண்ட்ரியா குரோட்டோலியும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் நேச்சர் இதழில் எழுதினர். பக்கத்தில் வளர்ந்த போரைட்டிஸ் பவளங்களால் அது முடியவில்லை. ஆகவே ‘பவளம் எவ்வளவு உண்ணும்’ என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்தப் பவளம் என்று கேட்க வேண்டும்.

2023இல் அதே இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று கணக்கை மேலும் மாற்றியது. நீரில் கரைந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உண்டு பெருகும் பாசியின் ஒரு பகுதியைப் பவளமே செரித்துக்கொள்கிறது. வயல் வைத்து அறுப்பது போன்ற ஏற்பாடு. மீன்களுக்குப் போடும் தீனி அவற்றின் கழிவாகி, கழிவு பாசிக்கு உரமாகி, பாசி பவளத்துக்கு உணவாகிறது. மீன் நிறைந்த தொட்டியில் பவளத்துக்கென்று எதுவும் போடாமலே அது செழிப்பதன் மர்மம் இவ்வளவுதான்.

யாருக்கு என்ன

பெரிய சதைப்பற்றுள்ள பாலிப் கொண்ட கல்பவளங்கள் — யூஃபிலியா, டிராக்கிஃபிலியா, ஃபங்கியா, டங்கன் போன்றவை — கையால் ஊட்டத் தக்கவை. உறைய வைத்த மைசிஸ் இறாலையோ பொடியாக நறுக்கிய இறால் சதையையோ வாரம் ஒன்றிரண்டு முறை கொடுத்தால் போதும். பெரிய துண்டாகக் கொடுப்பது புதியவர்கள் செய்யும் பிழை. விழுங்கிய துண்டைப் பவளம் சில மணி நேரம் கழித்துக் கக்கிவிடும். அது மூலையில் கிடந்து அழுகும்.

அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் பவளங்களுக்குச் சின்ன இரைதான் பொருந்தும். 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரையுள்ள ரோட்டிஃபர், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆர்ட்டீமியா குஞ்சு ஆகியவை ஏற்றவை. தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படும் ஆர்ட்டீமியாவின் முட்டைகளை, 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உப்புநீரில் காற்றோட்டத்தோடு வைத்தால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வயிற்றிலுள்ள மஞ்சள்கரு தீர்ந்த பிறகு குஞ்சில் சத்து அதிகம் இருக்காது. ஓடுகளை நீக்குவதும் முக்கியம்.

மென்பவளங்களில் பல கையால் ஊட்டுவதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் பாசியே இல்லாத பவளங்களின் கதை வேறு. ஆரஞ்சு நிறச் சூரியப் பவளமான டுபாஸ்ட்ரேயாவுக்கு விளக்கு ஒரு பொருட்டல்ல. நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் ஒவ்வொரு பாலிப்புக்கும் ஊட்ட வேண்டும். ஊட்டாத கொத்து பாலிப் பாலிப்பாகச் சுருங்கிச் சாகும். கடையில் கண்ணைப் பறிக்கும் டென்ட்ரோநெஃப்தியா இன்னும் கடினம். செங்கடலில் அது முக்கியமாகத் தாவர மிதவையுயிர்களை வடித்து உண்கிறது என்று 1995இல் கண்டறியப்பட்டது. ஓயாத ஓட்டமும் ஓயாத தீனியும் கேட்கும் அந்தப் பவளம் வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் மெல்லப் பட்டினியால் மடிகிறது. அதை வாங்காமலிருப்பதே நல்லது.

ஊட்டும் முறை

பல பவளங்கள் இருட்டிய பிறகே உணர்கொம்பு விரிக்கும். கடலில் விலங்கு மிதவையுயிர்கள் மேலெழும் நேரமும் அதுதான். விளக்கு அணைந்த பின் சிறிது உணவுச் சாற்றை நீரில் விட்டால், வாசனை பிடித்துப் பாலிப்புகள் விரியும். நீரோட்ட மோட்டார்களையும் ஸ்கிம்மரையும் பத்து இருபது நிமிடம் நிறுத்தி, நீண்ட பிப்பெட்டால் உணர்கொம்பின் மேல் மெதுவாகத் தூவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் பாலிப் சுருங்கிக்கொள்ளும். இறாலும் மீனும் வாயிலிருப்பதைப் பிடுங்கத் துணிந்தவை. சூரியப் பவளத்தின் மேல் வெட்டிய பிளாஸ்டிக் புட்டியைக் கவிழ்த்துக் காவல் வைப்போரும் உண்டு. நிறுத்திய மோட்டாரைத் திரும்பப் போட மறப்பது எந்தத் தீனிப் பிழையையும்விட ஆபத்தானது. ஆக்சிஜன் குறைந்தால் தொட்டி முழுவதும் போகும்.

மிகுதியின் விலை

உண்ணாமல் போன தீனி நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் தங்கும். ஒன் ட்ரீ பவளத்திட்டில் நீருக்குச் சத்தூட்டிப் பார்த்த கின்சியும் டேவிஸும், சுண்ணாம்பு படிவது பாதிக்கும் மேல் குறைந்ததை 1979இல் பதிவு செய்தனர். பாறைகளில் இழைப்பாசியும் சயனோபாக்டீரியாப் படலமும் படரும். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூச்சியத்துக்கு இறக்கிவிடலாம் என்றால் அதுவும் கேடு: பவளம் வெளுக்கும், பழுப்புக் கோழையாக டைனோஃபிளாஜெல்லேட்டுகள் பரவும். நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற வரம்பைப் பலர் கையாள்கின்றனர். சோதனைப் பெட்டி வாங்காமல் தீனிப் பொடி வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பது.

சட்ட நிலை

கல்பவளங்களின் உலக வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பால் ஒழுங்குபடுத்தப்படுகிறது. இந்தியாவில் கல்பவளம், கறுப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவை 2001 முதல் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு கிளையை ஒடித்து வந்து தொட்டியில் வைப்பது, எவ்வளவு அக்கறையோடு ஊட்டினாலும், சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.