மெத்தபெட்டமைன் பழக்கத்தின் அறிகுறிகள்

மெத்தபெட்டமைன் மைய நரம்பு மண்டலத்தைத் தூண்டும் செயற்கைப் போதைப்பொருள். இலங்கையில் இதை ‘ஐஸ்’ என்பர். மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் ஆகியவற்றைப் பெருகச் செய்து உறக்கத்தையும் பசியையும் அடக்கும்.

மாஹுவாங் என்னும் சீன மருந்துச் செடியிலிருந்து 1885இல் எபெட்ரினைப் பிரித்தெடுத்த ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகாயோஷி, 1893இல் அதைக் கொண்டு மெத்தபெட்டமைனை உருவாக்கினார். 1919இல் ஒகாட்டா அகிரா அதைப் படிகமாகப் பெற்றார். ஜெர்மனியின் டெம்லர் நிறுவனம் 1938இல் ‘பெர்விட்டின்’ என்ற பெயரில் மாத்திரையாக விற்றது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் படைவீரர்களுக்கு வழங்கப்பட்டது. ஜப்பானில் 1941இல் ‘ஹிரோபோன்’ என்ற பெயரில் இது கடைக்கு வந்தது. விமானிகளும் ஆயுதத் தொழிற்சாலைகளின் இரவுப் பணியாளர்களும் இதை உட்கொண்டனர். போர் முடிந்தபின் இராணுவக் கையிருப்பு சந்தைக்குக் கசிந்தது. 1951இல் தடைச்சட்டம் வந்தும், 1954இல் மட்டும் 55,000க்கு மேற்பட்டோர் கைதாயினர்.

அன்று அரசுகள் விரும்பியது அயராத உழைப்பை. தொடக்க அறிகுறிகளும் அவ்வாறே நற்பண்புபோல் தோன்றுவதுதான் இப்பழக்கத்தின் பெருங்கேடு. இரவெல்லாம் விழித்துப் படிக்கும் பிள்ளையை வீட்டார் மெச்சிக்கொள்வர். ஆனால் படபடவென்ற ஓயாப் பேச்சு, விரிந்த கண்மணி, பல் நறநறத்தல், தட்டில் அப்படியே மீந்துபோகும் சோறு, சில வாரங்களிலேயே தொளதொளத்துப்போகும் உடை ஆகியவை சேர்ந்து வந்தால் விசாரிக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள கைப்பேசியைப் பிரித்துப் பிரித்து மாட்டுவதுபோல், பயனற்ற ஒரே செயலில் மணிக்கணக்கில் மூழ்குவது இவ்வகைப் போதைக்கே உரிய குறி. இரண்டு மூன்று நாள் தூங்காதவர் பிறகு ஒரு நாள் முழுவதும் அடித்துப்போட்டாற்போல் தூங்கி, கடும்பசியோடும் மனச்சோர்வோடும் எழுவார். விழிப்பும் வீழ்ச்சியுமான இச்சுழற்சியே நம்பத்தக்க அடையாளம்; வீழ்ச்சியின்போது தற்கொலை எண்ணம் எழக்கூடும் என்பதால் தனியே விடலாகாது.

முற்றிய நிலையில் தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகச் சொறிந்து புண்ணாக்குவர். யாரோ பின்தொடர்வதாக அஞ்சிச் சன்னலை மறைப்பர். பற்கள் சிதையும். தைராய்டு மிகைச்சுரப்பிலும் பித்து நோயிலும் இவற்றுள் சில காணப்படும் என்பதால் மருத்துவரே உறுதிசெய்ய வேண்டும். நெஞ்சுவலி, கடும் காய்ச்சல், வலிப்பு ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இப்பழக்கத்தை மாற்றத் தனி மருந்து இல்லை. உளவியல் சிகிச்சையே பயன்தருகிறது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவே வைத்திருந்து தாமாகச் சிகிச்சைக்கு வருவோருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. தேசிய உதவி எண்: 14446.