கரையோரக் குரலும் காதுக்கருவியும்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று பாடகர்களுக்கு நெடுங்காலம் ஒலிப்பதிவு என்றால் கொழும்புதான். 1925இல் அங்கே தொடங்கிய வானொலி, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமானது. இஸ்லாமிய கீதங்களுக்கு அதன் முஸ்லிம் சேவையே பெருங்களமாக இருந்தது.

ஒலிநாடாக் காலத்தில் பதிவுக்கருவியின் பதியும் தலையும் ஒலிக்கும் தலையும் ஒன்றுக்கொன்று தள்ளியிருந்தன. பழைய தடத்தைக் கேட்டுப் பாடினால் புதுத்தடம் பிந்தி விழும். 1950களில் அம்பெக்ஸ் நிறுவனம் பதியும் தலையையே கேட்கவும் பயன்படுத்தி அதைத் தீர்த்தது.

கணினியோடு ஒலிப்பதிவு வீட்டுக்கே வந்தது; கூடவே அதே தொல்லையும் திரும்பியது. மைக்கின் ஒலி இலக்கமாகி, மென்பொருளைச் சுற்றித்தான் ஹெட்போனுக்கு வருகிறது. நொடிக்கு 48,000 மாதிரி எடுக்கையில் 1024 மாதிரி பஃபர் (ஒலியைச் சற்றே தேக்கிவைக்கும் இடம்) மட்டுமே 21 மில்லிசெக்கனைத் தின்னும். 128 என்றால் மூன்றுக்கும் குறைவு. றபான் என்ற தோல்வாத்தியத்தின் அடிக்குப் பாடுபவருக்கு அந்த 21 மில்லிசெக்கன் தாமதம் தாங்காது. 1997இல் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஐ.ஓ. இயக்கிமுறை இந்தத் தாமதத்தைச் சுருக்கியது.

இன்னும் எளிய வழி நேரடிக் கண்காணிப்பு: மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் குரலைக் கணினிக்கு அனுப்பும்போதே ஹெட்போனுக்கும் கொடுத்துவிடும். மென்பொருளில் அத்தடத்தின் கண்காணிப்பை அணைக்காவிட்டால் குரல் இரட்டிக்கும். ஹெட்போன் காதை மூடும் வகையாக இருந்தால் இசை மைக்கில் அதிகம் கசியாது. பக்கத்துப் பள்ளிவாசலின் பாங்குக்கு மட்டும் பதிவை நிறுத்தத்தான் வேண்டும்.