இலக்கியத்தில் கருத்துப் பிரச்சாரம்

படைப்பாளி அரசியல் கருத்தையோ அறநெறியையோ படைப்பின் வழியே வலியுறுத்தலாமா என்பது நவீனத் தமிழ் இலக்கியத்தின் நெடுநாள் விவாதங்களுள் ஒன்று. உலகத்துக்கு உபதேசம் செய்வது தம் கதைகளின் வேலையல்ல என்று புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’ தொகுப்பின் முன்னுரையில் அறிவித்தார். ஆனால், 1934-இல் வெளியான அவருடைய ‘பொன்னகரம்’ அந்த அறிவிப்புக்கு அவ்வளவாக அடங்குவதில்லை. அடிபட்டுக் கிடக்கும் ஜட்கா வண்டிக்காரக் கணவனுக்குப் பால்கஞ்சி வாங்க அம்மாளு சந்தின் இருளுக்குள் போய், முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். அதோடு கதை முடிந்திருக்கலாம். கதைசொல்லியோ கற்பைப் பற்றிப் பேசுவோரை நேராக விளித்துக் குத்திக்காட்டுகிறார். கலையமைதி அங்கே சற்றுக் குலைகிறது என்பது உண்மை. கதையின் சூடும் அந்த வரிகளில்தான் இருக்கிறது.

இந்த விவாதம் பின்னரும் தொடர்ந்தது. தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) நாவல் கைத்தறி நெசவாளர் துயரை வர்க்கப் போராட்ட நோக்கில் சொன்னது. மாறாக, சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழ் உருவத்துக்கும் அழகியலுக்கும் முதலிடம் தந்தது. இலங்கையில் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் இலக்கியத்தைச் சமூகப் பின்புலத்தில் வைத்தே மதிப்பிட்டனர். கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ நூலை வெங்கட் சாமிநாதன் கடுமையாக மறுத்தார். 1970-களில் கோவையிலிருந்து எழுந்த வானம்பாடிக் கவிஞர்கள் பிரச்சாரம் என்ற பழிச்சொல்லைப் பொருட்படுத்தவில்லை. ‘எழுத்து’ இதழ் மரபினர் புதுக்கவிதையாக வளர்த்த வடிவத்தையே அவர்கள் மேடைக்குக் கொண்டுசென்றனர்.