மா. கிருஷ்ணனும் 'சூப்பர் பாண்டெரோசா'வும்: தமிழகக் காட்டுயிர் ஒளிப்படத்தின் ஓர் அத்தியாயம்

மா. கிருஷ்ணன் (ஜூன் 30, 1912 – பிப்ரவரி 18, 1996) இயற்கையியலாளர், எழுத்தாளர், ஓவியர், ஒளிப்படக் கலைஞர். ஆங்கிலத்தில் அவர் எழுதிய கட்டுரைகள் இந்தியா முழுவதும் படிக்கப்பட்டன. தமிழில் இயற்கை பற்றி எழுதிய முன்னோடிகளுள் ஒருவர். எழுத்துக்காகவே பெரிதும் நினைவுகூரப்படும் அவருடைய ஒளிப்படப் பணி போதிய அளவு பேசப்படவில்லை. காட்டு விலங்கை ஒரு சான்றாகப் பதிவு செய்வது எப்படி என்ற கேள்வியை இந்தியாவில் மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்களுள் அவரும் ஒருவர். அதற்காகத் தம் கையாலேயே ஒரு கேமராவை ஒட்டுப்போட்டு உருவாக்கிக்கொண்டவர்.

கிருஷ்ணன் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை அ. மாதவையா 'பத்மாவதி சரித்திரம்', 'முத்துமீனாட்சி' ஆகிய நாவல்களின் ஆசிரியர். உப்பு, ஆயத்தீர்வைத் துறையில் பணியாற்றியவர். அவருடைய எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணனே கடைசி. அண்ணன் மா. அனந்தநாராயணன் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர், ஆங்கில நாவலாசிரியர். 1925-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில், இளங்கலைப் படிப்பில் தமிழ் இடம்பெற வேண்டும் என்று பேசிய கூட்டத்திலேயே மாதவையா உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு 13 வயது.

குடும்பம் மயிலாப்பூரில் வாழ்ந்தது. இன்றைய மயிலாப்பூரை மட்டும் அறிந்தவர்களால் அன்றைய நிலத்தைக் கற்பனை செய்வது கடினம். அப்போது அங்கே புதர்க்காடு இருந்தது, நரியும் வெளிமானும் திரிந்தன. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். அவர் பிற்காலத்தில் எடுத்த எந்தப் படத்தைப் புரிந்துகொள்ளவும் இந்தக் கீரிப்பிள்ளையிலிருந்து தொடங்குவது நல்லது. விலங்கைத் தொலைவிலிருந்து வியப்பவராக இல்லாமல், அதனோடு அன்றாடம் புழங்கியவராகவே அவர் வளர்ந்தார்.

மாநிலக் கல்லூரியில் படித்தபோது தாவரவியல் பேராசிரியர் பி. எஃப். ஃபைசனின் தொடர்பு கிடைத்தது. தாவரவியலில் முதுகலையும் பிறகு சட்டமும் படித்தார். ஆனால் வழக்கறிஞராக நிலைக்கவில்லை. அச்சகம், வானொலி எனச் சில இடங்களில் சிறிது காலம் வேலை பார்த்தார். 1942-இல் இன்றைய கர்நாடகத்தில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் பணிக்குச் சேர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலர் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொறுப்புகளை அங்கே வகித்தார். சிறிய சமஸ்தானங்களில் அது வழக்கம்தான்.

பொழுதுபோக்குகள்

சண்டூரில் அலுவல் போக மீந்த நேரமே அவரை உருவாக்கியது எனலாம். குன்றுகளில் அலைந்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். புறாக்களை வளர்த்து, செய்தி கொண்டுசெல்லப் பழக்க முயன்றார். நாட்டு நாய் இனங்கள், ஆடுகள், புறாக்கள் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளில், வளர்த்தவனுக்கு மட்டுமே தெரியும் நுணுக்கங்கள் உள்ளன. வளர்ப்பு விலங்கை இழிவாகவும் காட்டு விலங்கை உயர்வாகவும் பார்க்கும் மனநிலை அவரிடம் இல்லை.

இன்னொரு பொழுதுபோக்கு கோட்டோவியம். பேனாவும் மையும் கொண்டு அவர் வரைந்த பறவைகளும் விலங்குகளும் அவருடைய கட்டுரைகளோடு சேர்ந்தே அச்சாயின. வரைபவனுக்கு உடலின் கட்டமைப்பு தெரிந்தாக வேண்டும்: கழுத்து எங்கே வளைகிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது, நடக்கும்போது எந்தத் தோள் உயர்கிறது. ஒளிப்படத்தில் இதே அறிவு வேறு விதமாகப் பயன்படும். எந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தினால் அந்த விலங்கு அந்த விலங்காகத் தெரியும் என்பதை வரைந்து பழகிய கண் முன்கூட்டியே அறியும். படச்சுருள் விலையுயர்ந்த பண்டமாக இருந்த காலத்தில் இது சிறிய உதவி அல்ல.

1949-இல் சண்டூர் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தபின் அவர் சென்னைக்குத் திரும்பினார். வேறு வேலை தேடவில்லை. எழுத்தும் படமுமே பிழைப்பாயின. கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-இல் தொடங்கிய 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியை 46 ஆண்டுகள் எழுதினார். அவர் இறந்த நாளிலும் அந்தப் பத்தி வெளிவந்தது.

கேமரா

கிருஷ்ணன் தம் கேமராவுக்கு வைத்த பெயர் 'சூப்பர் பாண்டெரோசா'. கனத்தது, அசைக்க முடியாதது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சாயல் அதில் கேட்கிறது. தம் கருவியைத் தாமே கேலி செய்யும் பெயர் இது. அது கடையில் வாங்கிய கருவி அன்று. உடல் ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு, தொலைவில்லை வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு. மற்றத் துணைப் பாகங்களையும் அவரே தேடி எடுத்துப் பொருத்தினார். பார்த்தவர்கள் அதன் வடிவத்தைக் கண்டு திகைத்திருக்கிறார்கள். கயிறும் மரத்துண்டும்கூட அதில் எங்கேனும் இருக்கக்கூடும் என்று நினைக்கத் தோன்றும் தோற்றம் அதற்கு.

இதை ஒரு விசித்திர மனிதரின் விளையாட்டாக மட்டும் பார்த்தால் விஷயம் தவறிவிடும். விடுதலைக்குப் பிந்தைய பல பத்தாண்டுகள் இந்தியாவில் வெளிநாட்டுக் கேமராக்களும் வில்லைகளும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் கிடைப்பதற்கு அரியவையாக இருந்தன. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960-இல் அமைக்கப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய பின்னரே 'இந்து' என்ற பெயரில் உள்நாட்டுக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள் பரவலாயிற்று. பத்தி எழுதிப் பிழைத்த ஒருவர் தமக்கு வேண்டிய கருவியைத் தாமே கட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

அவருக்கு வேண்டியது என்ன? காட்டில் விலங்கு தொலைவில் நிற்கும். அதைப் பெரிதாகக் காட்ட நீண்ட குவியத் தொலைவு கொண்ட வில்லை வேண்டும். ஆனால் அத்தகைய வில்லை கையின் நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். ஒரே கேமராவில் 50 மி.மீ. வில்லையை எடுத்துவிட்டு 400 மி.மீ. வில்லையைப் பொருத்தினால், அதே நடுக்கம் படத்தில் எட்டு மடங்காகும். அதைத் தவிர்க்க விரைவான மூடுகதவு வேகம் வேண்டும். விரைவான வேகத்துக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். விலங்குகளோ காலையிலும் மாலையிலும் மர நிழலில்தான் நடமாடுகின்றன. காட்டுயிர் ஒளிப்படத்தின் தொழில்நுட்ப வரலாறு முழுவதும் இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கும் முயற்சியே.

படச்சட்டத்தைப் பெரிதாக வைத்துக்கொள்வது ஒரு வழி. 35 மி.மீ. படச்சுருளின் ஒரு கட்டம் 24 × 36 மி.மீ. அளவுள்ளது. நடுத்தர வடிவக் கேமராவின் சதுரக் கட்டம் பரப்பில் அதைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல். கட்டம் பெரிதானால், அதில் ஒரு மூலையில் நிற்கும் யானையை மட்டும் பிரித்து அச்சிட்டாலும் தோலின் சுருக்கம் வரை தெளிவாக இருக்கும். கிருஷ்ணன் பெரிய வடிவக் கேமராவையே விரும்பியதற்கு இது போதுமான காரணம். கருவியின் கனத்திலும் ஒரு நன்மை உண்டு. கனமான பொருள் எளிதில் நடுங்காது.

கால்நடையாகவும் பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்தும் அவர் படமெடுத்தார். காட்டு விலங்குகள் யானையைக் கண்டு ஓடுவதில்லை. அதன் மேல் இருக்கும் மனிதனைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதும் இல்லை. ஆனால் யானை முதுகு அசையாத மேடை அன்று. அது மூச்சு விடுகிறது, காதை வீசுகிறது, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றுகிறது. முக்காலிக்கு அங்கே இடமில்லை. பல கிலோ எடையுள்ள ஒட்டுக் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு, பாகன் யானையை நிறுத்தும் ஒரு சில நொடிகளுக்காகக் காத்திருப்பதுதான் அவருடைய தொழில்முறை.

அவர் கறுப்பு வெள்ளையை விட்டு வண்ணத்துக்குப் போகவில்லை. அக்கால வண்ணப் படச்சுருள்களுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், விலையும் அதிகம். கறுப்பு வெள்ளைச் சுருளைக் கழுவ வீட்டில் ஓர் இருட்டறை போதும். ஆனாலும் வசதியை மட்டும் காரணமாகச் சொல்வது சரியாகாது. கரிய உடல் கொண்ட காட்டெருது மர நிழலில் நிற்கும்போது அதன் தசையின் திரட்சியைக் காட்டுவது சாம்பல் நிறத்தின் படிநிலைகளே. கோட்டோவியருக்கு அந்த மொழி முன்பே பழகியிருந்தது.

சான்றாகும் படம்

சென்னை மாகாணத்தில் ஆவணப் படத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி லின்னேயஸ் டிரைப் 1856-இல் மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். மதுரை, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று அவர் எடுத்த படங்கள் 1858-இல் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒன்றாக ஒட்டினார். கல்வெட்டை எழுத்துப் பிசகாமல் பதிவு செய்ய முயன்ற அதே மனிதர், வேறு படங்களின் எதிர்மத் தாளில் இல்லாத மேகங்களைத் தூரிகையால் வரைந்து சேர்க்கவும் தயங்கவில்லை. ஆளுநர் சார்ல்ஸ் டிரெவெல்யன் இந்த வேலையை ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்திவிட்டார்.

1876–78 பெரும் பஞ்சத்தின்போது சென்னைக் குதிரைப்படை அதிகாரி டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் எலும்பும் தோலுமான மக்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். அப்படங்கள் இல்லையென்றால் பஞ்சத்தின் முகம் இவ்வளவு துலக்கமாக நமக்குத் தெரிந்திருக்காது. ஆனால் சாகக் கிடப்பவர்களை இப்படி அமர்த்திவைப்பது என்ன நியாயம் என்ற கேள்வி அவரை விடவில்லை, இன்றும் விடவில்லை. பதிவு உண்மையாக இருப்பது மட்டும் போதுமா, அது எடுக்கப்பட்ட விதமும் உண்மையாக இருக்க வேண்டுமா என்பதே ஆவணப் படத்தின் மையச் சிக்கல்.

காட்டுயிர் ஒளிப்படத்தில் இந்தச் சிக்கல் வேறு உருவில் வருகிறது. புலியை வரவழைக்க எருமைக் கன்றைக் கட்டுவது, கூட்டை மறைக்கும் கிளைகளை வெட்டிக் குஞ்சுகளைப் படமெடுப்பது, அடைத்துவைத்த விலங்கைக் காட்டு விலங்காகக் காட்டுவது எல்லாம் உலகெங்கும் நடந்தவை. வட இந்தியாவில் வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920-களில் வேறு வழி கண்டார். புலி நடக்கும் தடத்தில் கம்பியைக் கட்டி, அதன் கால் பட்டதும் ஒளிவிளக்கு மின்னிக் கேமரா இயங்கும்படி செய்தார். புலி தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படங்கள் அவை. கிருஷ்ணனின் வழி அதற்கும் மாறானது. அவர் பகலில், விலங்கு தன் போக்கில் இருக்கும்போது, அதன் வாழிடமும் சேர்ந்து தெரியும்படி எடுக்க விரும்பினார். விலங்கின் முகத்தை மட்டும் சட்டம் நிறைய நிரப்பும் படம் பார்ப்பவரை வியக்க வைக்கும். ஆனால் அது எந்தப் புல்லைத் தின்றது, மந்தையில் எங்கே நின்றது, கன்று யாருக்குப் பக்கத்தில் இருந்தது என்பதை அப்படம் சொல்லாது.

1968-இல் அவருக்கு ஜவாஹர்லால் நேரு நல்கை கிடைத்தது. தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகள் பற்றிய அவருடைய கள ஆய்வு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்விதழில் தொடராக வெளிவந்து, 1975-இல் நூலாயிற்று. அது 1959 முதல் 1970 வரையிலான காலத்தைப் பற்றியது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது 1973-இல். சட்டத்தின் காவல் வருவதற்கு முந்தைய காடுகளை, அவற்றின் விலங்குகள் அருகிக்கொண்டிருந்த ஆண்டுகளில், ஒருவர் கண்ணாலும் கேமராவாலும் குறித்துவைத்தார் என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. அதை மறுபடி யாராலும் எடுக்க முடியாது.

செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள வேடந்தாங்கல் பற்றியும் அவர் எழுதினார். ஏரி நடுவே கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டும் அந்த ஊரில், பறவைகளை முதலில் காத்தவர்கள் ஊர்மக்களே. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சுடக்கூடாது என்று கம்பெனியின் கலெக்டர் லயனல் பிளேஸிடம் அவர்கள் உத்தரவு பெற்றிருந்தனர்.

இன்று சென்னையின் மேற்குப் புறநகரில் ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையிலும் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரிக்கரையிலும் விடுமுறை நாட்களில் நீண்ட வில்லைகளோடு இளைஞர்கள் நிற்பதைக் காணலாம். அவர்கள் கையில் இருக்கும் கருவி நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும், நடுக்கத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். அவர்களுள் பலர் கூழைக்கடாவின் கண்ணில் விழும் ஒளிப்புள்ளியைத் துல்லியமாகப் பிடிக்கிறார்கள். பின்னால் தெரியும் அடுக்குமாடிக் கட்டடத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியும் விடுகிறார்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் எந்த ஏரி எந்த ஆண்டு எவ்வளவு நீரோடு, எந்தப் பறவையோடு இருந்தது என்று ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கேட்பவர்களுக்கு அந்தக் கட்டடமும் படத்தில் இருந்தால்தான் பயன்.

கிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருதும் 1995-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' சிறப்பும் கிடைத்தன. இந்தியக் காட்டுயிர் வாரியத்தில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் அவர் நினைவாக இயற்கை எழுத்துக்கு விருது வழங்கி வருகிறது. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்தார். ஒளிப்படங்களும் கட்டுரைகளும் சேர்ந்த 'ஐ இன் தி ஜங்கிள்' 2006-இல், அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து வெளிவந்தது. அதன் தொகுப்பாளர்களுள் ஒருவரான டி. என். ஏ. பெருமாளும் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் புகழ்பெற்ற தமிழர்.