ஒஸ்தியா: கடல் விலகிப்போன துறைமுகம்

டைபர் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்து, வாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் பெயர்பெற்ற ஒஸ்தியா, ரோமாபுரிக்குத் தானியம் வந்திறங்கிய துறைமுக நகராகும். ரோமிலிருந்து வழிகாட்டியுடன் ஒரே நாளில் சென்று திரும்புவோர் இன்று அங்கே கடலைக் காண்பதில்லை, ஏனெனில் ஆறு கொணர்ந்த வண்டல் கடற்கரையைச் சுமார் 3 கிலோமீட்டர் அப்பால் தள்ளிவிட்டது.

அந்நகரில் நெடுநேரம் நின்று பார்க்கத்தக்கது நாடக அரங்கின் பின்புறமுள்ள வணிகர் சதுக்கமே. அங்கே கப்பல் உரிமையாளர்களும் வணிகர்களும் வைத்திருந்த சிற்றறைகளின் முன்தரையில், கறுப்பு வெள்ளைக் கற்சில்லுகளைப் பதித்து அமைக்கும் மொசைக் சித்திரங்கள் பெயர்ப்பலகை போல விளங்குகின்றன: வட ஆப்பிரிக்கச் சப்ரதா நகரத்தாரின் அறைமுன் ஒரு யானை நிற்கிறது, வேறோரிடத்தில் சுமைதூக்குபவர் ஒருவர் ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்குச் சாடியைத் தோளில் சுமந்து செல்கிறார். கிளாடியஸ் பேரரசர் கி.பி. 42இல் வடக்கே புதிய துறைமுகம் அமைக்கத் தொடங்கிய பின்னரும், இச்சதுக்கத்தின் வணிகம் ஓயவில்லை.