தபால் தலையும் தேசத்தின் முகமும்

ஒரு தேசம் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறது என்று அறிய அதன் அரசியல் சட்டத்தைப் படிக்கலாம். தபால் தலைகளைத் தேதிவாரியாக அடுக்கியும் பார்க்கலாம். இரண்டாவது வழியில் எனக்கு நம்பிக்கை அதிகம். ஓர் அங்குலக் காகிதத்தில் எல்லாவற்றுக்கும் இடமில்லை. அரசு எதையோ தேர்ந்தாக வேண்டும். தேர்வு என்று வந்துவிட்டால் விமர்சகனுக்கும் அங்கே வேலை உண்டு.

1840இல் முதல் தபால் தலையை வெளியிட்ட பிரிட்டன், அதில் தன் நாட்டின் பெயரை அச்சிடவில்லை. இன்றுவரை அச்சிடுவதில்லை. அரசியின் தலை போதும் என்ற தைரியம். 1854இல் இந்தியா முழுமைக்குமாக வந்த தலைகளில் அதே விக்டோரியாவின் முகத்தோடு 'இந்தியா' என்ற சொல்லும் சேர்ந்தது. ஆளப்படுகிறவனுக்குத்தான் பெயர் தேவைப்பட்டது. 1935இல் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாத் தொகுதியில் ராமேஸ்வரம் கோயில் ஓரணாத் தலையில் இடம்பெற்றது. கூடவே மன்னரின் தலையும். கோயில் அங்கே அலங்காரம்தான். இதே காலத்தில் நாகர்கோவிலில் எழுதிய கடிதம் திருவிதாங்கூர் அஞ்சலில் வேறு தலைகளோடு பயணம் செய்தது. 1888இல் வந்த அதன் முதல் தலைகளின் சின்னம் சங்கு. ஆக, தமிழ் பேசும் நிலத்திலேயே இரண்டு தபால்கள், இரண்டு விசுவாசங்கள்.

சுதந்திர இந்தியாவின் முதல் தலை 1947 நவம்பர் 21இல் வந்தது. மூன்றரை அணா, தேசியக்கொடி, ஜெய்ஹிந்த். அடுத்த ஆகஸ்டு 15இல் காந்தி. அந்தக் காந்தித் தலைகள் ஸ்விட்ஸர்லாந்தில் அச்சாயின. சுதேசியம் பேசியவரின் முகத்தை அந்நிய அச்சகம் தயாரித்தது என்பதில் வேடிக்கை மட்டுமில்லை; புதிய அரசு தன் பிம்பத்தைப் பற்றி எவ்வளவு கவலைப்பட்டது என்பதும் அதில் தெரிகிறது. 1949இன் பதினாறு தலைகள் அனைத்தும் பழைய கலை, பழைய கட்டடம். அஜந்தா, கோனாரக், சாஞ்சி, கோல் கும்பஸ், பொற்கோயில், தாஜ்மஹால். பிரிவினை முடிந்து இரண்டே ஆண்டுகளில் எல்லா மதத்தின் கல்லையும் ஒரே வரிசையில் வைத்த காரியம் அது; அதை மதிக்கிறேன். தமிழன் தன்னுடையது என்று உடனே அடையாளம் கண்டுகொண்டிருக்கக்கூடியது இரண்டணா நடராஜர். 1955இல் கல் போய் டிராக்டரும் அணைக்கட்டும் உருக்காலையும் வந்தன. ஆறே ஆண்டுகளில் தேசம் இறந்த காலத்திலிருந்து எதிர்காலத்துக்குத் தாவிவிட்டது. நிகழ்காலம் இரண்டு தொகுதியிலும் அகப்படவில்லை.

கவிகளின் கதை வேறு. 1952இல் ஆறு பேர்: கபீர், துளசிதாசர், மீரா, சூர்தாசர், காலிப், தாகூர். விந்தியத்துக்குத் தெற்கே ஒருவருமில்லை. திருவள்ளுவரும் பாரதியும் 1960இல் வந்தார்கள், கம்பர் 1966இல். இந்தத் தாமதத்தை வைத்து ஒப்பாரி வைப்பதில் எனக்கு அக்கறையில்லை. அதை மேடைகள் பார்த்துக்கொள்ளும். தபால் தலை கவிஞனை என்ன செய்கிறது என்பதே என் கேள்வி. அது முகம் கேட்கிறது. வள்ளுவர் எப்படி இருந்தார் என்று யாருக்குத் தெரியும்? கம்பர்? முகமில்லாதவனுக்கு முகம் கொடுத்த பிறகே தேசம் அவனைத் தன் வரிசையில் நிறுத்துகிறது. முகம் உள்ளே வரும்போது எழுத்து வெளியே நின்றுவிடுகிறது.

பாரதிக்கு முகம் இருந்தது. ஆனால் 1908இல் புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து 'இந்தியா' பத்திரிகையை நடத்தியவருக்கு, பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதன் பிரதிகள் நுழையாதபடி வழி அடைக்கப்பட்டது. 1910இல் பத்திரிகை நின்றது. சந்தாதாரரின் கைக்குப் போக முடியாமல் ஒரு பத்திரிகை சாவது என்றால் என்னவென்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, அந்தத் தபாலின் வாரிசு அவர் முகத்தைத் தலையாக விற்றது. திராவிட நாடு கேட்டு 1963இல் கைவிட்ட அண்ணா 1970இல் தலையானார். 1947 ஆகஸ்டு 15ஐத் துக்கநாள் என்ற பெரியார் 1978இல். இதை அரசின் பெருந்தன்மை என்பார்கள். எனக்கு இது ஜீரணசக்தியாகத் தோன்றுகிறது. எதிர்ப்பின் வாசகத்தை விட்டுவிட்டு எதிர்த்தவனின் தலையை மட்டும் எடுத்துக்கொள்வது.

எங்கள் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1971 ஏப்ரல் 14, ரமணரின் இருபத்தோராவது நினைவுநாளில், இருபது பைசாவில் அவர் தலை வந்தது. 1896இல் வீட்டை விட்டுக் கிளம்பியபோது அவர் எழுதிவைத்த சீட்டில் கையெழுத்து இல்லை. அந்த இடத்தில் வெறும் கோடு. திருவண்ணாமலைக்கு வந்ததும் மிஞ்சிய காசை அய்யங்குளத்தில் எறிந்தார். பெயரையும் காசையும் விட்டவரின் முகத்துக்குப் பக்கத்தில் பெயரும் காசும் அச்சாயின. பகலெல்லாம் நோட்டு எண்ணும் குமாஸ்தாவான எனக்கு இந்த முரண் கொஞ்சம் அதிகமாகவே உறைக்கிறது. தலையை வரைந்தவரைக் குறைசொல்ல முடியாது. தபால் தலைக்குப் பெயரும் விலையும் இல்லாமல் முடியாது. துறவுக்கு அவை ஆகாது.

2011இலிருந்து, கட்டணம் செலுத்தினால் நம் படத்தையே தலையில் சேர்த்துத் தருகிறார்கள். கவுன்ட்டரில் பார்கோடு சீட்டு ஒட்டப்படும் நாளில் தபால் தலை பெரும்பாலும் ஆல்பத்துக்குத்தான் போகிறது. எனவே அரசைக் கேட்க வேண்டிய கேள்வியை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ளலாம். சிறுபத்திரிகைகள் போடும் நூற்றாண்டு மலர்களில் அட்டை முழுக்க எழுத்தாளனின் முகம். உள்ளே எத்தனை பக்கம் அவன் எழுத்தைப் பற்றியது? முத்திரை விழுந்த தலை மறுமுறை செல்லாது என்பது தபால் விதி. எழுத்தாளனுக்கும் அதே விதியை நாம் நடைமுறைப்படுத்திக்கொண்டிருக்கிறோமோ என்பது என் சந்தேகம்.