ஆலய ஒலிபெருக்கி: காப்பதா, மாற்றுவதா?

நம் ஆலயப் பீடத்தின் இருமருங்கிலும் நிற்கும் இரண்டு பெரிய மரப்பெட்டிகளை அறியாதவர் இம்மலையில் இலர். 1970களில் இங்குப் பணியாற்றிய ஐரோப்பியக் குருவானவர் ஒருவர் தம் நாட்டிலிருந்து தருவித்த விலையுயர்ந்த ஒலிபெருக்கிகள் அவை. யூபிலியை முன்னிட்டு ஆலயத்தைச் செப்பனிட முற்பட்டபோது, அவற்றைக் காப்பதா, மாற்றுவதா என்ற வினா எழுந்தது. இளைஞர் புதியவை வேண்டும் என்றனர். முதியோரோ, "பெரிய சாமி கொடுத்ததை வித்துப்புடாதீங்க சாமி" என்று நம்மிடம் மன்றாடினர். இரு சாராரும் ஆலயத்தின்மீது கொண்ட அன்பினாலேயே பேசினர். ஆகவே முடிவு கூறுமுன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தோம்.

ஒலிபெருக்கியின் வயது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டே. ஜென்சன், பிரிதம் என்ற இரு பொறியாளர்கள் 1915ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்மாலையில் சான்பிரான்சிஸ்கோ நகரில் கூடியிருந்த பெருங்கூட்டத்திற்குத் தம் கருவியால் பேச்சும் பாட்டும் கேட்கச் செய்தனர். 1925இல் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சார்ந்த ரைஸ், கெல்லாக் ஆகியோர் காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் அசைய, அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு காற்றை அதிரச் செய்யும் முறையை விளக்கி வெளியிட்டனர். இன்றைய ஒலிபெருக்கிகளுள் மிகப் பெரும்பாலானவை அம்முறையின் வழித்தோன்றல்களே.

திருச்சபையும் இக்கருவிகளை அஞ்சி ஒதுக்கவில்லை. 1931 பிப்ரவரி 12ஆம் நாள், மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தொடங்கி வைத்தார். எனினும் நம் சிற்றூர் ஆலயங்களில் ஒலிபெருக்கி இன்றியமையாததாக ஆனது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னரே எனலாம். 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான திருவழிபாட்டுச் சாசனம் தாய்மொழி வழிபாட்டிற்கு வழி திறந்தது. அதுவரை குருவானவர் பீடத்தை நோக்கி இலத்தீனில் செபிப்பார். மக்கள் செபமாலை சொல்வர். இறைவார்த்தை தமிழில் வாசிக்கப்பட்டபின், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்க்கும் அது எட்ட வேண்டிய கடமை ஏற்பட்டது.

ஆனால் ஓசை எட்டுவது வேறு, சொல் எட்டுவது வேறு. உயர்ந்த கூரையும் கற்சுவரும் உள்ள ஆலயத்தில் ஓசை கூரையில் மோதித் திரும்பி அடுத்த சொல்லை விழுங்கிவிடும். இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் 1951ஆம் ஆண்டளவில் இதற்கொரு வழி கண்டனர். சிறிய ஒலிபெருக்கிகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூண்போல் அடுக்கினால், ஓசை மேலும் கீழும் சிதறாமல் மக்கள் அமர்ந்திருக்கும் மட்டத்திலேயே பரவும். இன்று பல ஆலயங்களில் காணும் ஒலித்தூண்களின் தத்துவம் இதுவே.

இனி நம் பெட்டிகளுக்கு வருவோம். செட்டுக்காரர் ஒருவரை அழைத்துத் திறந்து பார்த்தோம். காகிதக் கூம்பு கெடவில்லை. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தமும் வலுவிழக்கவில்லை. 1978இல் ஜயர் நாட்டில் நேர்ந்த கலவரத்தால் கோபால்ட்டின் விலை பன்மடங்கு உயரவே, உற்பத்தியாளர் பலர் இவ்வகைக் காந்தத்தைக் கைவிட்டு ஃபெரைட் காந்தத்திற்கு மாறினர். கெட்டுப்போயிருந்தவை இரண்டே: கூம்பின் விளிம்பைத் தாங்கும் நுரைப்பஞ்சு, கை பட்டதும் மாவாக உதிர்ந்தது, உள்ளிருந்த கண்டென்சர்கள் உலர்ந்துவிட்டன. நுரைப்பஞ்சு ஈரக்காற்றில் சில பத்தாண்டுகளில் தானே மக்கிவிடும் பொருள். இவ்விரண்டையும் மாற்றலாம்; கூம்பையும் காந்தத்தையும் தொட வேண்டியதில்லை.

இவ்விடத்தில் நம் அண்டை அயலே ஒரு நல்ல பாடம் உண்டு. இதே சவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில், கிழக்கு ஜெர்மனியின் ஜேனா நகரில் கார்ல் சைஸ் நிறுவனம் செய்த 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி 1972இல் நிறுவப்பட்டது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் கோளின் வளையங்கள் வெளிப்பட்டபோது அதன் பதிவும் சான்றாக நின்றது. 1986இல் அதனினும் பெரிய, 234 சென்டிமீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேயே எழுந்தது. எனினும் பழையதைத் தள்ளிவிடவில்லை. ஒளிப்படத் தகடு போய், அதனிடத்தில் மின்னணுக் கருவிகள் வந்தன, தொலைநோக்கியோ நிலைத்தது. 2022இல் அதன் பொன்விழாவும் கொண்டாடப்பட்டது. தேய்வதை மாற்று, தேயாததைக் காப்பாற்று என்பதே அவர்கள் நமக்குக் காட்டும் வழி.

கோபுரத்தின் மேலிருந்த கூம்புக் குழாயைப் பற்றியும் கூற வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரையறுத்து, இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுத்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள், சென்னையின் ஒரு கிறிஸ்தவ சபையைப் பற்றிய வழக்கிலேயே, பிறர் அமைதியைக் குலைத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நமக்கும் உரியதே. விடியுமுன் அந்தக் குழாய் ஒலித்தபோது, இரவெல்லாம் சாமைக் கொல்லையில் காவலிருந்து வந்து கண்ணயர்ந்தவரை எழுப்பினோம் என்பதை மனத்தாழ்மையுடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே பங்குப் பேரவையில் கலந்து பேசி மூன்று முடிவுகள் செய்தோம். கோபுரக் குழாயை இறக்கிவிட்டோம். அழைப்பதற்கு மணி போதும். வாசகத்திற்கும் மறையுரைக்கும் சுவரோரம் இரு சிறிய ஒலித்தூண்களைப் பொருத்தினோம். பழைய பெட்டிகளுக்குப் புதிய விளிம்பும் கண்டென்சரும் இட்டுப் பாடகர் குழுவின் பாட்டிற்கென வைத்துக்கொண்டோம். அகன்று பரவும் அவற்றின் ஓசை பேச்சைவிடப் பாட்டிற்கே ஏற்றது.

தூண்கள் பொருத்திய முதல் ஞாயிறன்று, கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து அமரும் மூதாட்டி ஒருவர் திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்தார். "இன்னைக்கித்தான் சாமி, நீங்க படிச்சது வெளங்குச்சு" என்றார். இத்தனை ஆண்டுகள் அவர் ஓசையை மட்டுமே கேட்டு வந்திருக்கிறார் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். பெட்டி பழையதா, புதியதா என்று வாதிட்ட நாம், அவரிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.